விரல் நுனியில் ஒரு சொட்டு: வலி குறைய வீட்டிலேயே இனிப்பு நீர்ச் சோதனை



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தச் செல்வத்தைச் சத்தமில்லாமல் கரைக்கும் நோய் ஒன்று உண்டு. புத்தகத்தில் அதற்கு நீரிழிவு என்று பெயர். நம் வீடுகளில் அதை 'இனிப்பு நீர்' என்கிறோம். இந்த நோய் உள்ளவர்கள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை வீட்டிலேயே ஒரு சின்னக் கருவியால் பார்த்துக்கொள்ளலாம். கருவியும் இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அது அலமாரியில் தூங்குகிறது.

ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "விரல்ல குத்துனா வலிக்குதுங்க" என்பார்கள். "கொழுந்து எடுக்கிற கை. அதைக் குத்திக் குத்திப் புண்ணாக்கிட்டா நாளைக்கு வேலைக்கு எப்படிப் போறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். வலிக்கிற காரியத்தை யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள். ஆனால் அந்த வலியில் பெரும்பகுதி ஊசியால் வருவதில்லை. குத்தும் முறை சரியில்லாததால் வருகிறது. முறை தெரிந்தால் வலி குறையும். அந்த முறையை இந்த மாதம் படிப்போம்.

ஏன் இது நமக்கு முக்கியம்?

2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இந்த நோய் இருப்பது தெரிய வந்தது. 2023இல் எடுத்த ஆய்வில் அது 15.6 ஆக இருந்தது. கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாலும் ஆறு பேரில் ஒருவர் என்பது சிறிய கணக்கல்ல. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்திய மக்களிடையேதான் இது மிகுதி. இன்னொரு கவலையும் உண்டு. நோய் உள்ளவர்களில் ஐந்தில் இருவர், தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறார்கள்.

தோட்டத்து வேலைக்கும் இந்த நோய்க்கும் தனிப்பட்ட ஒரு தொடர்பு இருக்கிறது. கேமரன் மலையில் தேயிலை நிற்பது சமநிலத்தில் அல்ல, சரிவில். காலையில் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு அல்லது இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, சரியாகப் பசியாறாமல் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. மூட்டையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும்போது உடம்பு சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும். மருந்து ஒரு பக்கம் சர்க்கரையை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் தலை சுற்றும், கை நடுங்கும், கண் இருட்டும். சரிவில் நிற்கிறவர் உருண்டு விழுந்தால், "மயக்கம் வந்து விழுந்துட்டாரு" என்று மட்டும்தான் மற்றவர்கள் சொல்வார்கள். காலையில் ஒரு சொட்டு இரத்தம் பார்த்திருந்தால் அந்த விபத்தைத் தடுத்திருக்கலாம்.

அன்றும் இன்றும்

நம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெசர் இருந்த காலத்தை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அப்போதெல்லாம் சோதனை செய்வது சிறுநீரில்தான். கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் என்ற நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்குவார்கள். சர்க்கரை இல்லை என்றால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதிகமானால் மஞ்சள், இன்னும் அதிகமானால் செங்கல் நிறம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 10 மில்லிமோலுக்கு மேல் போனால்தான் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் கசியும். அதற்குக் கீழே 9 ஆக இருந்தாலும் நிறம் மாறாது, 3 ஆக இறங்கிப்போனாலும் நிறம் மாறாது. மயக்கம் வரப்போகிறதா என்பதைச் சிறுநீர் சொல்லாது. அதோடு, அது சொல்வது சில மணி நேரத்துக்கு முந்திய கதை.

1965இல் ஏம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, இரத்தத்தை வைத்துப் பார்க்கும் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற தாளைக் கொண்டு வந்தது. பெரிய சொட்டு இரத்தம் வேண்டும், ஒரு நிமிடம் காத்திருந்து தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1970 வாக்கில் அந்த நிறத்தைப் படிக்கும் கருவி வந்தது. அது ஏறக்குறைய ஒரு கிலோ எடை. டாக்டர்களின் அறையில் மட்டுமே இருந்தது. இன்றைய கருவி சட்டைப் பைக்குள் அடங்கும். ஊசிமுனை அளவு இரத்தம் போதும். சில விநாடிகளில் எண் தெரியும். ஆகவே அந்தக் காலத்தைப் போல ஆழமாகக் குத்த வேண்டிய தேவை இப்போது இல்லை. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

விரல் ஏன் வலிக்கிறது?

மூன்று காரணங்கள்.

முதலாவது, குத்தும் இடம். விரல் நுனியின் நடுச் சதையில் உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. கொழுந்தின் பதத்தைத் தொட்டே கண்டுபிடிக்கிறோமே, அது அந்த நரம்புகளால்தான். அங்கே குத்தினால் வலி அதிகம். வேலையின்போது அதே இடம் மறுபடி மறுபடி அழுந்துவதால் நாள் முழுக்க நோகும். விரலின் பக்கவாட்டில் வலி குறைவு, இரத்தம் குறைவதில்லை.

இரண்டாவது, குளிர். நம் மலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். விடியற்காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். குளிரில் தோலின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அப்போது குத்தினால் இரத்தம் வராது. வரவில்லையே என்று விரலைப் பிழிவோம், அப்படியும் வராவிட்டால் இன்னொரு முறை குத்துவோம். ஒரு சோதனைக்கு மூன்று குத்து! வலி எங்கிருந்து வந்தது பாருங்கள்.

மூன்றாவது, மழுங்கிய ஊசி. "ஒரு ஊசிய ஒரு மாசம் ஓட்டலாம்" என்று சிலர் சிக்கனம் பார்க்கிறார்கள். பலமுறை குத்திய ஊசியின் முனை மழுங்கிவிடும். அது தோலைத் துளைக்காமல் கிழிக்கும். அழுக்கும் சேரும்.

படிப்படியாகச் செய்யும் முறை

1. முதலில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கருவி, சோதனைத் தாள், குத்தும் பேனா, புது ஊசி, சுத்தமான துணி அல்லது பஞ்சு. தாள் டப்பாவின் மேல் உள்ள தேதி தாண்டியிருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

2. வெதுவெதுப்பான தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கைகளைக் கழுவுங்கள். இதில் இரட்டை நன்மை. அழுக்குப் போகும், விரலும் சூடேறி இரத்தம் ஓடும். தேநீருக்குக் கொதிக்க வைத்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலந்தால் போதும். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சில சமயம் கையிலும் சூடு தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறொருவர் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

3. ஈரம் இல்லாமல் துடையுங்கள். ஈர விரலில் இரத்தம் தண்ணீரோடு கலந்து பரவிவிடும். எண்ணும் தவறாகும்.

கழுவாமல் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்டிராபெர்ரி, வாழைப்பழம், ஆரஞ்சு தொட்ட கையில் பழச்சாறு ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சர்க்கரை சொட்டில் கலந்து, 6 இருக்க வேண்டிய இடத்தில் 12 என்று கூடக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் ஆபத்து. பழத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் அடுப்படியில் சீனியை அள்ளியவர்களும் இதை மறக்கக் கூடாது. மேலும், தினமும் ஸ்பிரிட் போட்டால் தோல் காய்ந்து வெடிக்கும்.

4. கையை ஒரு நிமிடம் இடுப்புக்குக் கீழே தொங்க விடுங்கள். மெல்ல ஆட்டுங்கள். இரத்தம் தானாக விரலுக்கு இறங்கும்.

5. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்து கிள்ளும் விரல்கள். அவற்றை விட்டுவிடுங்கள். கத்தரியோ இயந்திரமோ பிடிக்கிறவர்களும் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. இன்று இடக்கை மோதிர விரல் என்றால் நாளை வலக்கை நடுவிரல் என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். மூன்று விரல், இரண்டு பக்கம், இரண்டு கை, ஆக 12 இடங்கள்! ஒரே இடத்துக்குத் திரும்பி வரும்போது பழைய புள்ளி ஆறியிருக்கும்.

6. குத்தும் பேனாவில் ஆழத்தைக் குறைக்கவும் கூட்டவும் எண்கள் இருக்கும். முதலில் சின்ன எண்ணில் வையுங்கள். இரத்தம் வராவிட்டால் ஒன்று கூட்டுங்கள். வேலை செய்து தோல் தடித்த கைக்கு 3, 4 தேவைப்படலாம். பிள்ளைகளுக்கும் வயதானவர்களின் மெல்லிய தோலுக்கும் 1, 2 போதும். உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள்.

7. பேனாவை விரலின் பக்கவாட்டில் உறுதியாக வைத்து அழுத்திப் பிடித்துக் குத்துங்கள். பயந்து தூக்கிப் பிடித்தால் ஊசி பாதி மட்டும் இறங்கும். மறுபடியும் குத்த நேரும். குத்தும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள்.

8. உடனே பிழியாதீர்கள். சில விநாடிகள் பொறுங்கள். சொட்டு வராவிட்டால் உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி மெல்ல உருவி விடுங்கள், மாட்டு மடியில் பால் கறப்பதைப் போல. நுனியை மட்டும் நசுக்கினால் வலிப்பதோடு, திசுநீர் கலந்து கணக்கும் மாறலாம்.

9. சோதனைத் தாளின் ஓரத்தைச் சொட்டில் தொடுங்கள். அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். இரத்தத்தைத் தாளின்மேல் தேய்க்க வேண்டியதில்லை.

10. எண் வந்ததும் சுத்தமான துணியால் விரலை அழுத்திப் பிடியுங்கள். எண்ணை நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்பதெல்லாம் நடக்காது.

நம் மலையில் ஈரம் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். தாள் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரம் உறிஞ்சிக் கெட்டுப்போகும். ஒரு தாளை எடுத்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள். கருவி மிகக் குளிர்ந்திருந்தால் சிலவேளை வேலை செய்யாது. கொஞ்ச நேரம் வீட்டுச் சூட்டில் வைத்துவிட்டுப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஒரு பேனா, ஒரு ஆள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அக்கா, உங்க மிசின கொஞ்சம் குடுங்க, எனக்கும் பாத்துக்கிறேன்" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்பது நம்மிடையே சகஜம். உதவும் குணம் நல்லதுதான். ஆனால் ஊசியையும் குத்தும் பேனாவையும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளவே கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் வாயில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஒட்டியிருக்கும். மஞ்சள் காமாலையைக் கொண்டு வரும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும். புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் ஆளுக்கொரு பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளுகிறவரும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளிதான். பிள்ளைகளும் குப்பை மேட்டில் விளையாடுவார்கள். தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, அது முக்கால் அளவு நிறைந்ததும் கிளினிக்கில் கேட்டு ஒப்படையுங்கள்.

எண் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டும். இந்தியாவிலிருந்து உறவினர் வாங்கி வந்த கருவி மில்லிகிராம் கணக்கில் காட்டும். 126 என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். 18ஆல் வகுத்தால் 7.

நோய் உள்ள பெரும்பாலோருக்கு, சாப்பிடுமுன் 4.4 முதல் 7.0 வரையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 8.5க்குள்ளும் இருப்பது நல்லது என்று நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கணக்கு மாறும். உங்கள் எண் எது என்பதை டாக்டரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தால் 8.1 என்றும் 8.6 என்றும் வரலாம். கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நல்ல கருவியிலும் 100க்கு 15 வரை ஏற்ற இறக்கம் உண்டு. ஓர் எண்ணைப் பார்த்துக் கலங்காமல், ஒரு வாரத்து எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

எத்தனை முறை பார்ப்பது? இன்சுலின் போடுகிறவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் தினமும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. டாக்டர் சொன்ன நாட்களில் பார்த்தால் போதும். அதிலும் ஒரு நல்ல வழி உண்டு. ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடுமுன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். ரொட்டி சானாயும் டின் பால் ஊற்றிய தேநீரும் எவ்வளவு ஏற்றுகின்றன, சீனியில்லாத தேநீரும் முட்டையும் எவ்வளவு ஏற்றுகின்றன என்று உங்கள் விரலே சொல்லும். காரணமில்லாமல் பத்து முறை குத்துவதைவிடக் காரணத்தோடு இரண்டு முறை குத்துவது மேல்.

சர்க்கரை இறங்கினால்

எண் 3.9க்குக் கீழே வந்தால், அல்லது நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் உட்கார்ந்திருந்து மறுபடி சோதியுங்கள். இன்னும் ஏறாவிட்டால் மறுபடி சீனித் தண்ணீர். ஏறியதும் சாதமோ ரொட்டியோ சாப்பிடுங்கள். மலையில் கருவி இல்லாத இடத்தில் அறிகுறி தெரிந்தாலே போதும், சீனியைச் சாப்பிடுங்கள். சோதனைக்காகக் காத்திருக்காதீர்கள். வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். தண்டலுக்கும் பக்கத்து நிரையில் நிற்கிறவருக்கும் உங்கள் நோயைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

இன்சுலினும் கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக் கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எண் தொடர்ந்து 15க்கு மேலே நின்று வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் தாமதிக்காமல் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூனைக்கும் வருமா?

"எங்க வீட்டுப் பூனை மடமடன்னு தண்ணி குடிக்குது, தின்னுக்கிட்டே இளைக்குது. மனுஷ நோய் அதுக்கும் வருமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வரும். எலி பிடித்து நம் அரிசியைக் காக்கும் ஜீவனுக்கும் இனிப்பு நீர் உண்டு. பெருத்த, வயதான ஆண் பூனைகளுக்கு அதிகம் வருகிறது. இன்சுலின் கொடுத்துச் சாப்பாட்டை மாற்றினால் சில பூனைகள் ஊசியே தேவையில்லாத நிலைக்குத் திரும்புவதும் உண்டு.

பூனைக்கு வீட்டில் சோதிப்பதில் தனி நன்மை இருக்கிறது. கூண்டில் அடைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனால் பயத்திலேயே அதன் சர்க்கரை ஏறிவிடும். மடியில் அமைதியாக இருக்கும்போது பார்ப்பதுதான் உண்மைக் கணக்கு. குத்தும் இடம் காதின் ஓரம். வெதுவெதுப்பான துணியைக் காதில் கொஞ்ச நேரம் ஒற்றிச் சூடேற்றுங்கள். வாஸ்லின் மெல்லியதாகத் தடவினால் இரத்தம் முடியில் பரவாமல் மணியாக நிற்கும். காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு, ஓரத்து நரம்புக்குப் பக்கத்தில் குத்துங்கள். பிறகு பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். முடிந்ததும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். நாலு நாளில் பேனாவைக் கண்டதும் அதுவே வந்து உட்காரும். மனிதர் கருவி பூனைக்குப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ஆகவே எந்தக் கருவி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி மருந்தின் அளவை நீங்களாகவே மாற்றாதீர்கள். மனிதருக்கு வைத்திருக்கும் பேனாவைப் பூனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கவனித்துப் பாருங்கள். பூனைக்குச் சொன்னதும் நமக்குச் சொன்னதும் ஒன்றுதான். சூடேற்று, ஓரத்தில் குத்து, புது ஊசி எடு, அவசரப்படாதே.

நினைவில் வைக்க

- வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு, துடை, கையைத் தொங்க விடு.
- நடு நுனியில் வேண்டாம், பக்கவாட்டில் குத்து.
- தினம் ஓர் இடம், ஒவ்வொரு முறையும் புது ஊசி.
- பிழியாதே, உருவி விடு.
- பேனாவைப் பகிராதே.
- எண்ணை எழுது, நோட்டைக் கிளினிக்குக்குக் கொண்டு போ.

வீட்டுச் சோதனை கிளினிக் சோதனைக்கு மாற்று அல்ல. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனையையும் கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைகளையும் விடாதீர்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். இன்னும் ஒரு முறைகூடச் சோதிக்காதவர்கள், 40 வயது தாண்டியிருந்து அரசாங்க உதவித்தொகை பெறுகிறவராக இருந்தால், 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ள முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கை இருந்தால்தான் கொழுந்து எடுக்க முடியும். அந்தக் கையின் ஒரு சொட்டு இரத்தம் முழு உடம்பையும் காக்கும் என்றால், அதை வலிக்காமல் எடுக்கக் கற்றுக்கொள்வோம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்துக் காட்டுங்கள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தும் காட்டுங்கள்.